கார்த்திகையில் 9 பேர் எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்) சவாரி: கொள்ளிடக் கரையா, வேதாரண்யம் மணல்காடா?

மிதி_குடந்தை

வணக்கம். கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடியிலிருந்து மொத்தம் 9 பேர். கார்த்திகை முதல் ஞாயிறு ஒரு நாள் சவாரி போகலாம் என்று பேச்சு. இரண்டு வழி கையில் இருக்கிறது.

ஒன்று, கொள்ளிடம் தென்கரை. நீலத்தநல்லூர் பாலத்தில் தொடங்கிக் கரை மேலேயே அணைக்கரை வரை. நடுவில் படுகைக்குள் இறங்கிக் கருவேலங்காடு, மூங்கில் புதர் வழியாக ஓடும் ஒற்றையடிப் பாதைகளும் சேர்த்து.

இரண்டு, வண்டிகளை வேதாரண்யம் வரை ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து சவுக்குத் தோப்புகள், கோடியக்காடு, கோடியக்கரை.

சைக்கிள் விவரம்: 27.5 இன்ச் 5, 29 இன்ச் 3, 26 இன்ச் 1. டயர் எல்லாம் 2.1 முதல் 2.25 வரை. இரண்டு வண்டி மட்டும் ட்யூப்லெஸ், மீதி டியூப். பிரேக்: 6 கம்பியில் இயங்கும் டிஸ்க், 2 எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க், 1 ரிம்மைப் பிடிக்கும் வி-பிரேக். இரண்டு பேர் மண் பாதைக்குப் புதுசு. மழை எப்போது வரும் போகும் என்று சொல்ல முடியாத பருவம் என்பது தெரியும். ஆனால் தேதியைத் தள்ளிப்போட முடியாத நிலைமை.

எந்த வழி? காற்று எவ்வளவு? 9 பேருக்கு என்னென்ன உதிரி? எந்த நிலையில் சவாரியை நிறுத்த வேண்டும்? கொடைக்கானல் மாதிரி மலைப்பாதைக்கான ஆலோசனை நிறைய கிடைக்கிறது. நம்ம வண்டல் மண்ணுக்கு யாரும் எழுதிப் பார்க்கவில்லை.

வண்டல்

ரெண்டாவது வழிதான். காரணம் மண்.

எல்லாரும் மழை வருமா வராதான்னு வானத்தைப் பார்க்கிறாங்க. டெல்டாவுல வானத்தைவிட மண்ணு முக்கியம். மணல்ல மழை பேஞ்சா பாதை இறுகும், டயர் புதையாது, வேகம் கூடும். காஞ்ச மணல்தான் ஆளைக் கொல்லும். களிமண் நேர் எதிர். காஞ்சிருந்தா சிமெண்ட் ரோடு, நனைஞ்சா பசை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் பெரும்பாலும் கடல் ஒதுக்கின மணல் மேடு. கொள்ளிடக் கரை வண்டலும் களியும் கலந்து கொட்டினது.

களியிலயும் ஒரு கணக்கு இருக்கு. கொட்டித் தீர்த்த மழையைவிடத் தூறல்தான் மோசம். தண்ணி நிறைய இருந்தா சேறு கரைஞ்சு டயர்லேர்ந்து வழிஞ்சிடும். அரைகுறையா நனைஞ்ச களி, பிசைஞ்ச மாவு மாதிரி டயரைச் சுத்திக்கும். பத்துச் சுத்துல முன்னால ஃபோர்க் கால் ரெண்டும் சேருற கிரவுனுக்குக் கீழயும், பின்னால ஃப்ரேமோட செயின்ஸ்டே குழாய் ரெண்டுக்கும் நடுவுலயும் அடைச்சு வீல் நின்னுடும். அந்த நேரத்துல பெடலை இன்னும் கொஞ்சம் மிதிப்போம்னு மிதிக்கிறதுதான் தப்பு. பின் கியர் மாத்தி ஸ்போக்குக்குள்ள போய், அதை ஃப்ரேமோட பிடிக்கிற ஹேங்கர் முறியும். சவாரி அதோட சரி.

கரை மேல போறதுல இன்னும் சில சங்கதி. நண்டு வளை, எலி வளை. மேல புல் மூடியிருக்கும், மழைக்கு உள்ள இளகியிருக்கும், முன் வீல் சரக்குனு இறங்கும். சம்பா, தாளடி நடவு முடியுற நேரம்கிறதால டிராக்டர் கேஜ் வீலோட (சேத்துல ஓட்டுற இரும்புக் கூண்டுச் சக்கரம்) வயல்லேர்ந்து ஏறி, தார் ரோட்டுலயே சேத்தைப் பூசிட்டுப் போயிருக்கும். பாதையில விழாதவங்க அங்க விழுவாங்க. வாய்க்கால்ல பனைமரத் துண்டு போட்ட பாலம் வந்தா இறங்கித் தள்ளுங்க, ஓட்டிக் காட்ட வேண்டாம்.

படுகைக்குள்ள இறங்கவே வேண்டாம். மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறாங்க, அதனால கார்த்திகையில ஆத்துல, வாய்க்கால்ல தண்ணி ஓடிக்கிட்டுத்தான் இருக்கும். மேல மழை பேஞ்சா உபரித் தண்ணியைக் கொள்ளிடத்துலதான் விடுவாங்க. படுகையில நிக்கிறவங்களுக்கு அது தெரியுறதுக்குள்ள தண்ணி முழங்கால் வந்துடும். அணைக்கரைப் பக்கம் முதலையும் உண்டு. சேறு கழுவுறேன்னு சைக்கிளை ஆத்துல இறக்காதீங்க.

பழைய_டியூப்

வண்டல் சொன்ன ஹேங்கர் விஷயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன். ஹேங்கர் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேற. அவர் வண்டியோடது இவர் வண்டிக்கு வராது. 9 வண்டின்னா 9 ஹேங்கர், அவங்கவங்க பையில. கடையில கேட்டா "வரவழைக்கணும்"னு சொல்லுவாங்க, அதனால இன்னைக்கே ஆர்டர் போடுங்க. ஹேங்கர் கிடைக்கலைன்னா, முறிஞ்ச இடத்துல கியர் மாத்தியைக் கழட்டிட்டு, செயினைச் சுருக்கி நடுப் பல்சக்கரத்துல ஒரே கியராக் கட்டி ஊர் வந்து சேரலாம். அதுக்கு செயின் பிரேக்கர் வேணும், செயினைத் திரும்ப இணைக்கிற குவிக் லிங்க் வேணும். 8, 9, 10 ஸ்பீடு லிங்க் ஒண்ணுக்கொண்ணு ஒத்துவராது. எத்தனை வகை இருக்குன்னு எண்ணி, வகைக்கு ரெண்டு எடுங்க.

அடுத்தது முள். ரெண்டு வழியிலயும் சீமைக்கருவேல முள்ளும் நெருஞ்சியும் இருக்கு. ட்யூப்லெஸ் வண்டிக்கு டயருக்கு 100 மில்லி சீலண்ட் (ஓட்டையைத் தானா அடைக்கிற திரவம்) இருக்கணும். நம்ம ஊர் வெயிலுக்கு ரெண்டு மூணு மாசத்துல காஞ்சு ரப்பர் தோலா ஒட்டிக்கும். வீலைக் காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாருங்க, தளும்புற சத்தம் கேக்கலைன்னா ஊத்துங்க. முள் ஓட்டையை அடைக்கிற பிளக் ஒரு செட்.

டியூப் வண்டிக்கு ரெண்டு வழி. டியூபுக்குள்ளயே 100 முதல் 120 மில்லி சீலண்ட், வால்வு கோர் கழட்டுற மாதிரி டியூபா இருந்தா மட்டும். இல்லைன்னா பழைய டியூபை நீளவாக்குல வெட்டி, வால்வைத் தூக்கிப்போட்டுட்டு, டயருக்கும் டியூபுக்கும் நடுவுல பட்டையா வைக்கிறது. இதுல ஒரு எச்சரிக்கை: பட்டையோட ஓரம் உள் டியூபைத் தேய்ச்சுத் தேய்ச்சு அறுக்கும். ஓரத்தைச் சாய்வா வெட்டி, உப்புத்தாள் போட்டு, முகப் பவுடர் தூவி மாட்டுங்க.

பஞ்சர் ஆனா அந்த இடத்துல ஒட்ட உக்காராதீங்க. ஈரத்துல சொல்யூஷன் பிடிக்காது, ஒட்டுற பேட்ச் அதைவிட மோசம். டியூபை மாத்துங்க, பழசை வீட்டுல வச்சு ஒட்டிக்கலாம். ஆனா புது டியூப் போடுறதுக்கு முன்னாடி முள்ளைக் கண்டுபிடிச்சே ஆகணும். கருவேல முள் டயர் மட்டத்துக்கு ஒடிஞ்சு உள்ள நிக்கும், வெளியிலேர்ந்து தெரியாது. விரலால தடவினா விரல்தான் கிழியும். கொஞ்சம் பஞ்சை உருட்டி டயர் உள்பக்கமா ஒரு சுத்துத் தேய்ங்க, முள் இருக்கிற இடத்துல பஞ்சு மாட்டிக்கும். ஊசிமூக்குக் குறடால உள்பக்கம் இழுங்க.

ஆளுக்கு ஒரு டியூப், பொதுவுல கூடுதலா 3. 29 இன்ச் டியூப் வேதாரண்யம் கடைகள்ல கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்க. 26 இன்ச் எங்கயும் கிடைக்கும். வால்வு ரெண்டு வகைன்னா பம்ப் தலை ரெண்டுக்கும் பொருந்துதான்னு வீட்டுலயே பாருங்க.

பிரேக்: மணலும் தண்ணியும் கலந்தா அது உப்புத்தாள். ரெசின் (பிசின்) பேட் ஒரே நாள்ல தகடு தெரியுற வரைக்கும் தேயும். பேட் கனம் 1.5 மில்லிமீட்டருக்குக் கீழ இருந்தா போறதுக்கு முன்னாடியே மாத்துங்க. சின்டர்டு (உலோகத் தூள்) பேட் அதிகம் தாங்கும், ஆனா ரோட்டர்ல (பேட் பிடிக்கிற வட்டத் தகடு) "ரெசின் பேட் மட்டும்"னு பொறிச்சிருந்தா போடக்கூடாது, ரோட்டர் தேஞ்சுடும். கம்பி டிஸ்க்குக்குப் பேட் தேயத் தேய லீவர் தளரும், வழியிலேயே அட்ஜஸ்ட்டர் திருப்பத் தெரிஞ்சிருக்கணும். அந்த ஒரு வி-பிரேக் வண்டிக்காரர் ரிம் ஓரத்துல விரல் நகத்தால பார்க்கட்டும், குழி தட்டினா அந்த ரிம்மோட வரவேண்டாம்.

செயினுக்கு ஈர எண்ணெய், ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பத்து நிமிஷம் கழிச்சுத் துணியால துடைங்க. மேல வழியுற எண்ணெய்ல மணல் ஒட்டிக்கும். ஸ்ப்ரே எண்ணெய் டிஸ்க் வண்டிக்கிட்ட வேண்டவே வேண்டாம், ரோட்டர்ல பட்டா பேட் போச்சு.

உப்புக்காத்து

வேதாரண்யம் பக்கம் வாறதா இருந்தா முதல்ல அனுமதி. கோடியக்கரை 1967-லேருந்து வனவிலங்கு சரணாலயம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27, 28 பிரிவுப்படி அனுமதி இல்லாம உள்ள போக முடியாது. 9 பேர் சைக்கிளோட திடீர்னு கேட்ல நின்னா என்ன சொல்லுவாங்க? முன்கூட்டியே கோடியக்கரை வனச்சரகத்துல எழுதிக் கேளுங்க: பெயர், ஆதார் நகல், எந்தப் பாதை, எத்தனை மணிக்கு உள்ள, எத்தனை மணிக்கு வெளிய. சைக்கிளுக்கு எந்தப் பாதை சரின்னு அவங்க சொல்றதுதான் பாதை. ராமர் பாதம் மேட்டுக்கு அந்தாண்ட மான் தடமெல்லாம் ஒற்றையடிப் பாதை மாதிரியே தெரியும், அதுல நுழையாதீங்க. வெளிமான் வெட்டவெளியில நிக்கும், சைக்கிள் சத்தமில்லாம வந்தா மிரண்டு ஓடும். காட்டுக் குதிரைங்க வழியை மறிச்சு நிக்கும், மணி அடிக்காம நின்னு விடுங்க. பறவைங்க வந்து இறங்குற பருவம் வேற, ஸ்பீக்கர்ல பாட்டு கூடவே கூடாது.

சேத்து நிலத்துப் பக்கம் குறுக்கு வழி தேடாதீங்க. மேல காஞ்ச பொருக்கு, கீழ இடுப்பளவு சகதி. வண்டி போன தடம் தெரிஞ்சாலும் அது கோடையில போனது.

சவுக்குத் தோப்பு பெரும்பாலும் பட்டா நிலம். சொந்தக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நுழைஞ்சா இளநி வெட்டிக் குடுப்பாங்க, கேக்காம நுழைஞ்சா என்ன குடுப்பாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல. தோப்புக்குள்ள தரை சவுக்கு இலை மெத்தை. கீழ வேர் ஓடுறது தெரியாது. அந்த இலை நூல் மாதிரி பின் கியர் மாத்தியோட சின்னச் சக்கரத்துல சுத்தும், கியர் தானா துள்ள ஆரம்பிச்சா நிறுத்தி ஒரு குச்சியால எடுங்க. காட்டுக்குள்ள காரைச் செடியும் சூரைச் செடியும் முள்ளைக் கைக்கு நேரா நீட்டிட்டு இருக்கும், முழுக்கைச் சட்டை, கண்ணாடி கட்டாயம்.

காத்து வாடை, வடகிழக்குலேர்ந்து. வேதாரண்யத்துலேர்ந்து கோடியக்கரை தெக்கால இருக்கு, ஏறக்குறைய 10 கி.மீ. போகும்போது தள்ளிவிடும், எல்லாரும் சூரனா இருப்பீங்க. திரும்பும்போது அகத்தியம்பள்ளி உப்பளத்து நடுவுல மறைப்பே இல்லாத ரோடு, எதிர்க்காத்து, களைச்ச கால். அதனால சவாரியைக் கோடியக்கரையிலேர்ந்து ஆரம்பிச்சு வடக்கால ஏறி, வேதாரண்யத்துல வண்டி ஏத்துங்க. எதிர்க்காத்தை காலையிலயே தின்னுடலாம்.

அகல_டயர்

மணலுக்கு டயர் காத்து 18 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு). அதுக்கு மேல வச்சா புதையும். மீதியெல்லாம் வேண்டாத பேச்சு.

பழைய_டியூப்

@அகல_டயர் ட்யூப்லெஸ்ஸுக்கு 18 சரி. டியூப் வண்டியில 2.1 டயருக்கு 18 வச்சுச் சவுக்கு வேர்ல ஏத்தினா ரிம் டியூபை நசுக்கி ரெண்டு ஓட்டை போடும், பாம்பு கடிச்ச மாதிரி பக்கத்துப் பக்கத்துல. இங்க 7 வண்டி டியூப் வண்டி.

70 கிலோ ஆளுக்கு, டியூபோட: மணலுக்கு முன்னால 22, பின்னால 24. தார் ரோடு நீளமா வந்தா 30. ஆள் 10 கிலோ கூடினா 2 கூட்டுங்க. ட்யூப்லெஸ் இதுலேர்ந்து 4 குறைச்சு. பம்ப்ல அழுத்தம் காட்டுற முள் 30-க்குக் கீழ ஒண்ணுக்கொண்ணு பொய் சொல்லும். அதனால 9 வண்டிக்கும் ஒரே பம்ப், ஒரே ஆள்.

அகல_டயர்

வேர் இருக்குன்னு கவனிக்கலை. டியூபுக்கு 22 ஒத்துக்கிறேன். மணல்ல ஓட்டுறதுக்கு: மணல் வர்றதுக்கு முன்னாடியே லேசான கியர், பின்னால கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருங்க, ஹேண்டிலைத் திருப்பாதீங்க, இடுப்பால திருப்புங்க, முன் பிரேக் தொடாதீங்க. புதுசா வர்ற ரெண்டு பேருக்கு சீட்டை 2 செ.மீ. இறக்கிவிடுங்க, கால் ஊன வசதி. ஷூவைப் பூட்டுற கிளிப் பெடல் யாருக்கும் வேண்டாம்.

கடைசி_வண்டி

நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான்.

இந்தப் பருவத்து மழை ஆவணி, புரட்டாசி மழை மாதிரி இல்லை. அது சாயங்காலம் மேற்கிலிருந்து இடியோடு வரும். கார்த்திகை மழை கடலிலிருந்து வரும், கரையோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும். பட்டை பட்டையாக வந்து அடித்துவிட்டு நகரும், நடுவில் வெயில்கூட அடிக்கும். எனவே 5 மணிக்கு மழை கொட்டுகிறது என்று கைவிடவும் வேண்டாம், 7 மணிக்கு வெளுத்துவிட்டது என்று நம்பவும் வேண்டாம். வானிலைத் துறையின் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்தால் அடுத்த பட்டை கடலில் எங்கே நிற்கிறது என்று தெரியும். அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் மட்டும் பார்த்தால் போதும்.

மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை இருந்தாலோ, வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருந்து மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்று சொல்லியிருந்தாலோ அன்று சவாரி இல்லை. தேதி மாற்ற முடியாது என்றால் ரத்து. கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியது 2018 நவம்பர் 16, இதே பருவம்தான்.

மின்னலுக்குத் தனிக் கணக்கு. இடி காதில் விழுந்தாலே நீங்கள் மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து. தனிப் பனை, தனித் தென்னை, உப்பளத்துக் கீற்றுக் கொட்டகை, நாலு பக்கமும் திறந்த பேருந்து நிழற்குடை எதுவும் ஒதுங்கும் இடமில்லை. காங்கிரீட் கட்டடம் அல்லது கண்ணாடி ஏற்றிய கார். எதுவும் இல்லாவிட்டால் சைக்கிளை விட்டு விலகி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, தாழ்ந்த இடத்தில் குந்துங்கள். மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி செயலியை 9 பேரும் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

குழு: முன்னால் வழி தெரிந்தவர், கடைசியில் பஞ்சர் பார்க்கத் தெரிந்தவர். கடைசி ஆள் யாரையும் முந்தக்கூடாது, அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. புதியவர்கள் இருவரும் இரண்டாவது, மூன்றாவது இடம். பின்னால் விட்டால் துரத்திப் பிடிக்கப் போய் விழுவார்கள். பாதை பிரியும் இடத்தில் எல்லாரும் நிற்க வேண்டியதில்லை. பின்னால் வருகிறவர் கண்ணில் படும் வரை முன்னால் போனவர் நின்றால் போதும், சங்கிலி அறாது. தோப்புக்குள் போன் சிக்னலை நம்பாதீர்கள், விசில் ஆளுக்கு ஒன்று: ஒன்று அடித்தால் நில், மூன்று அடித்தால் அடிபட்டிருக்கிறது.

வேகக் கணக்கு: ஈர மணலில் சராசரி மணிக்கு 8 முதல் 10 கி.மீ. வைத்துக்கொள்ளுங்கள். 9 பேர் என்றால் இரண்டு பஞ்சர் நிச்சயம், ஒவ்வொன்றுக்கும் 20 நிமிடம் போகும். 25 கி.மீ.க்கு மேல் திட்டமிடாதீர்கள். சூரியன் 5:45 வாக்கில் இறங்கும், மேகம் இருந்தால் தோப்புக்குள் 5 மணிக்கே இருட்டு. 3 மணிக்கு எங்கே இருந்தாலும் ரோட்டுக்குத் திரும்பும் முடிவு.

தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர், அதில் ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கலந்தது. மழையில் தாகம் தெரியாது, வியர்வை அப்படியே போகும்.

பாம்பு: மழைக்கு வளையில் தண்ணீர் புகுந்தால் மேட்டுக்கு வரும், கரையும் பாதையும்தான் அந்த மேடு. கடித்தால் கீறுவது, கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. மோதிரம், வாட்ச் கழற்றி, கடித்த கை அல்லது காலை அசையாமல் குச்சி வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கி, 108. கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சிராய்ப்பில் வயல் தண்ணீர் பட்டால் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் சேற்றுத் தண்ணீர் பட்டதைச் சொல்ல வேண்டும், எலிக்காய்ச்சலைச் சாதாரணக் காய்ச்சல் என்று விட்டுவிடக் கூடாது.

மிதி_குடந்தை

எல்லாருக்கும் நன்றி. கொள்ளிடத்தைக் கைவிட்டாச்சு. திட்டம் இப்படி: இரண்டு டாடா ஏஸில் சைக்கிள், ஒரு வேனில் ஆட்கள். காலை 7 மணிக்குக் கோடியக்கரையில் இறங்கி, வனத்துறை சொல்லும் பாதை, அங்கிருந்து கோடியக்காடு, பிறகு தோப்புகள் வழியாக வேதாரண்யம். மொத்தம் 22 கி.மீ. விண்ணப்பம் நாளை கொடுக்கிறோம்.

இரண்டு சந்தேகம். அனுமதி வராவிட்டால் என்ன செய்வது? ஹைட்ராலிக் பிரேக் வண்டியை முன் சக்கரம் கழற்றி ஏற்றலாமா?

உப்புக்காத்து

அனுமதி வரலைன்னா சரணாலயத்துக்கு வெளிய இருந்துக்குங்க. வேதாரண்யத்துக்கு வடக்கால புஷ்பவனம் பக்கம் கடலோரமா சவுக்கும் மணலும் இருக்கு. அப்ப திசையை மாத்துங்க: வேதாரண்யத்துல ஆரம்பிச்சு வடக்க போயிட்டு, வாடையை முதுகுல வாங்கித் திரும்புங்க. கடற்கரை ஈர மணல்ல மட்டும் ஓட்டாதீங்க, ஓட்ட சுகமாத்தான் இருக்கும், பேரிங் முழுக்க உப்பு.

முடிஞ்ச அன்னைக்கே நல்ல தண்ணி ஊத்தணும், மறுநாள் இல்ல. வாளியும் துணியும் போதும். வாட்டர் சர்வீஸ் பிரஷரை ஹப்லயும் பெடல் அச்சுலயும் அடிச்சா உப்பை உள்ள தள்ளுறீங்க. சீட் போஸ்ட்டை உருவித் துடைச்சு கிரீஸ் தடவி மாட்டுங்க. இரும்பு ஃப்ரேம்ல அலுமினியம் போஸ்ட் உப்பு பட்டு இறுகினா அப்புறம் ஆக்சா பிளேடுதான்.

பழைய_டியூப்

ஹைட்ராலிக்கைக் கழட்டலாம். சக்கரம் வெளிய வந்ததும் ரெண்டு பேடுக்கும் நடுவுல ஒரு மடிச்ச அட்டை செருகுங்க. அட்டை இல்லாம யாராவது லீவரைப் பிடிச்சா பிஸ்டன் ஒட்டிக்கிட்டு வரும், ரோட்டர் திரும்ப நுழையாது. நடந்துட்டா தட்டையான டயர் லீவரால பேடை மெதுவாப் பின்னுக்குத் தள்ளுங்க, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். தலைகீழாப் படுக்க வச்சு ஏத்தாதீங்க, உள்ள காத்து இருந்தா லீவர் ஸ்பாஞ்ச் ஆகிடும்.

ஏஸ் பின்பக்கம் ஏறக்குறைய 7 அடி. ஒண்ணு முன்னால பார்த்து, அடுத்தது பின்னால பார்த்து, நடுவுல அட்டைப்பெட்டி. கியர் மாத்தி இருக்கிற பக்கம் எதுவும் சாயக்கூடாது, அங்கதான் ஹேங்கர் வளையும். கோடியக்கரையில இறக்கினதும் ஒவ்வொரு வண்டியையும் தூக்கி, பின்னாலேர்ந்து பாருங்க: சின்னச் சக்கரம் ரெண்டும் பல்சக்கரத்தோட ஒரே கோட்டுல இருக்கணும். உள்பக்கம் சாய்ஞ்சிருந்தா பெரிய பல்லுக்கு மாத்தாம ஓட்டச் சொல்லுங்க. அந்த வி-பிரேக் வண்டியோட ரிம் பத்தி இன்னும் பதில் வரலை, பார்த்துச் சொல்லுங்க.

மிதி_குடந்தை

பார்த்தோம். நகத்துக்குக் குழி தட்டுகிறது. புது ரிம்முக்குச் சொல்லியாச்சு, 26 இன்ச், 36 ஓட்டை.